ஆற்றுப்படுத்தும் கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

பத்து என்னும் எண்ணுக்குத் தமிழில் தனிச்சிறப்பு உண்டு. பத்துப்பாட்டு, பதிற்றுப்பத்து என்று சங்கச் சான்றோர் தம் செல்வங்களைப் பத்துப் பத்தாகவே அடுக்கி வைத்தனர். அப்பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அதாவது, அத்தொகையில் சரிபாதி வழி சொல்லும் பாட்டு. பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வரும் வறியவனைக் கண்டு, 'இன்ன வழியே செல்க. இன்னாரைக் காண்க' என்று கூறுவதே இவ்வகையின் அமைப்பு. போய் வந்தவனே பிறர்க்கு வழி கூறும் தகுதி உடையவன் என்பது இதன் உயிர்நாடி.

இவ்வகை நூல்களுள் மலைபடுகடாம் ஒரு வகையால் தனித்து நிற்கின்றது. கூத்தர்க்கு வழி கூறும் அந்நூல் நன்னனின் கொடையைப் புகழ்வதோடு அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, புனங்காப்போர் எறியும் கவண்கல், பாம்பு உறையும் இடம், கால் வழுக்கும் பாறை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, 'இங்கே விழிப்புடன் செல்க' என்கின்றது. எனவே வழிகாட்டிக்குக் கடமைகள் இரண்டு என்பது புலனாகும். காட்டுதல் ஒன்று, தடுத்தல் மற்றொன்று. காண வேண்டியதைக் காட்டுவதும், போகக்கூடாத இடத்தில் கைந்நீட்டித் தடுப்பதும் ஒரே கையின் தொழில்.

இந்த இரண்டாவது கடமையைப் பற்றியதே இவ்வுரை. தொலைநாடு ஒன்றில் மிதவை விமானம் ஏறிச் சென்று, வழிகாட்டியின் துணையோடு சால்மன் மீன் பிடிப்போரும் கரடி காண்போரும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒருபுறம். பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் படகேறிப் பறவை காணும் வழக்கம் மறுபுறம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், கவிஞர்க்கும் ஒரு பாடம் கிட்டும்.

புழல் ஏரியில் இறங்கிய ஊர்தி

நீரில் இறங்கும் விமானம் என்றவுடன் அது வேற்று நாட்டுச் செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். வடசென்னைக்கு அது புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், பிரித்தானிய வான்படையின் 240-ஆம் பிரிவைச் சேர்ந்த காடலினா விமானங்கள் புழல் ஏரியைத் தளமாகக் கொண்டு வங்கக் கடலைக் காவல் செய்தன. சென்னைக்குக் குடிநீர் தரும் அதே செங்குன்றம் ஏரியின் நீர்ப்பரப்பே அவற்றுக்கு ஓடுபாதை. வயிறே படகாக அமைந்த அவ்வகை ஊர்தியைப் பறக்கும் படகு என்பர். சக்கரத்திற்கு மாற்றாக இரண்டு மிதவைகளைப் பொருத்திக்கொண்ட சிறு விமானம் மிதவை விமானம் எனப்படும். கனடாவில் 1947-இல் முதன்முதலாகப் பறந்த பீவர் என்னும் விமானம் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவை செய்யப்பெற்றன. அவற்றுள் பல இன்றும் வடபுலத்து ஏரிகளில் இறங்கி எழுகின்றன.

இவ்வூர்தியைச் செலுத்துவோர் அறிந்த உண்மை ஒன்று கவிஞர்கள் எண்ணிப் பார்த்தற்குரியது. அலை மிகுந்த நீரில் இறங்குவது அரிது என்பது எவர்க்கும் விளங்கும். ஆனால் சிறிதும் அலையின்றிக் கண்ணாடி போல் கிடக்கும் நீரும் அவர்களுக்கு அச்சம் தருவதே. வானத்தையும் கரையையும் தன்னுள் காட்டும் நீரில், நீரின் மேற்பரப்பு எங்கே இருக்கின்றது என்பது விமானியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பத்தடி உயரம் இருப்பதாக எண்ணும்போதே மிதவை நீரைத் தொட்டுவிடலாம். தொட்டுவிட்டதாக எண்ணும்போது இன்னும் உயரத்திலேயே இருக்கலாம். ஆகவே அவர்கள் கரையை ஒட்டி இறங்குவர். மரத்தையும் புல்லையும் நோக்கி உயரத்தைக் கணிப்பர். அழகாகத் தோன்றும் நீரே ஏமாற்றும் என்பதும், கரையைக் கண்ணிலிருந்து விடலாகாது என்பதும் கழியில் படகு தள்ளும் பரதவர்க்கும் தெரிந்த செய்திகளே.

கரடிக்கு வழி விடுவோர்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் காட்மை என்னும் தேசியப் பூங்கா இருக்கின்றது. 1912-இல் அங்கு நிகழ்ந்த எரிமலைச் சீற்றம் இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய சீற்றமாகக் கருதப்படுகின்றது. அந்நிலத்தைக் காக்கும்பொருட்டு 1918-இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பெற்றது. 1980-இல் தேசியப் பூங்காவாயிற்று. அப்பூங்காவினுள் புரூக்ஸ் என்னும் ஆறும் சிறு அருவியும் உள்ளன. அங்குச் செல்லச் சாலை இல்லை. கிங் சால்மன் என்னும் சிற்றூரிலிருந்து மிதவை விமானத்திலோ படகிலோதான் போக முடியும். 1950-இல் மீன்பிடிப் பயணிகளுக்கான முகாமாகத் தொடங்கிய இடம், பின்னர்க் கரடி காண்போர் நாடும் இடமாக மாறியது.

கடலில் வளர்ந்த சால்மன் மீன், முட்டையிடும் காலத்தில் தான் பிறந்த ஆற்றையே தேடி வருகின்றது. பிறந்த நீரின் மணத்தை அது மறப்பதில்லை என்று அறிவியலார் கூறுவர். சூன் இறுதியிலும் சூலையிலும் அம்மீன்கள் அருவியைத் தாவிக் கடக்க முயல்கையில், பழுப்புக் கரடிகள் அருவியின் விளிம்பில் வாய் திறந்து நிற்கும். மீன் மிகுந்த நாளில் அவை மீன் முழுவதையும் தின்பதில்லை. தோல், மூளை, முட்டை என்னும் கொழுப்புமிக்க பகுதிகளை மட்டும் உண்டு எஞ்சியதை எறிந்துவிடும். அக்கழிவு பிற பறவைக்கும் விலங்குக்கும் உணவாகி, இறுதியில் கரையோர மரங்களுக்கு உரமாகின்றது. கடலின் சத்து மீனின் வயிற்றில் ஏறி, கரடியின் வாய்வழி காட்டை அடைகின்றது. முட்டையிட்ட சால்மனும் அவ்வாற்றிலேயே மடிகின்றது.

இக்காட்சியைக் காண வருவோர் விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே அருவிக்குச் சென்றுவிட முடியாது. முதலில் பூங்காக் காவலரிடம் ஒழுக்க விளக்கம் கேட்டாக வேண்டும். கரடியை அணுகலாகாது, ஏறத்தாழ 50 கெசத் தொலைவேனும் விலகி நிற்க வேண்டும், ஒற்றையடிப் பாதையில் கரடி எதிரே வந்தால் மனிதரே ஒதுங்க வேண்டும். அருவியை ஒட்டிய மரமேடையில் ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் நிற்க இடமில்லை. கூட்டம் மிகுந்தால் ஒருவர் வரையறுத்த நேரம் கண்டபின் பிறர்க்கு இடம் விட்டு வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். மீன்பிடிப்போர்க்கு உள்ள விதி இன்னும் கூர்மையானது. தூண்டிலில் மீன் சிக்கிப் போராடும் வேளையில் கரடி அணுகினால், அந்நொடியே நூலை அறுத்து மீனை விட்டுவிட வேண்டும். ஆயிரக்கணக்கான கல் கடந்து வந்தவன் கைக்கு எட்டியதை விட்டுவிடுகின்றான். மனிதனிடமிருந்து மீனைப் பறிக்கலாம் என்று கரடி கற்றுக்கொண்டால், அதன் முடிவு மனிதனுக்கும் கரடிக்கும் கேடாகவே அமையும் என்பது இவ்விதியின் காரணம்.

இதனினும் இறுக்கமான ஒழுங்கு மக்நீல் ஆற்றில் உள்ளது. 1967-இல் காப்பிடமாக்கப்பெற்ற அவ்விடத்தில், கோடையில் நாளொன்றுக்குப் பத்துப் பேரே வழிகாட்டியுடன் சென்று கரடி காண இசைவு பெறுவர். செல்வம் மிக்கவன் கூடுதல் பணம் கொடுத்து அந்தப் பத்தில் ஓர் இடத்தை வாங்கிவிட முடியாது. விண்ணப்பித்தோரிடையே குலுக்கல் நடைபெறும். பெயர் வந்தவர்க்கே வாய்ப்பு. இவ்வாறு எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே இடத்தில் ஒரே முறையில் மனிதர் நிற்கும்படி செய்ததால், கரடிகள் மனிதரைப் பொருட்படுத்தாது தம் தொழிலைச் செய்கின்றன. ஆகவே அவற்றை மிக அருகிலிருந்து காணவும் இயல்கின்றது. கட்டுப்பாடு காட்சியைக் குறைக்கவில்லை. காட்சியையே அதுதான் தந்தது.

உல்லமும் காலாவும்

சென்னையில் சில அங்காடிகளில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று பெயரிட்டு விற்பதுண்டு. காசிமேட்டு மீன்சந்தையில் நிற்கும் பெண்மணிக்கு அப்பெயர் தேவையில்லை. காலா என்றால் அவருக்குக் காலாவே. கன்னத் துடுப்பின் கீழ் நூல் நூலாகத் தொங்கும் இழைகளால் அதனை அவர் இனங்காண்பார். அம்மீனுக்கும் சால்மனுக்கும் இன உறவு இல்லை. வாழ்க்கை முறையால் சால்மனுக்கு நெருங்கிய உறவு தேடினால் உல்லம் என்னும் மீனைச் சொல்லலாம். வங்கத்தார் இலிசு என்று போற்றும் அம்மீனும் கடலில் வாழ்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடுவது. ஒரு காலத்தில் அது கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறி வந்தது. அணைகள் குறுக்கே எழுந்தபின், சிறப்பாக 1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றபின், அவ்வரவு மிகவும் குறைந்தது. ஒரு மீன் ஆற்றை விட்டகலும்போது அதனோடு ஒரு பருவம், ஒரு வலை, ஒரு சமையல், அவற்றைச் சுட்டிய சொற்கள் ஆகியனவும் அகல்கின்றன. சொல்லைக் காக்க விரும்புவோர் அச்சொல்லுக்குரிய பொருள் வாழும் நீரையும் காக்க வேண்டியுள்ளது.

இந்தியாவில் இறங்கிய மிதவைகள்

மிதவை விமானத்தைச் சுற்றுலாவுக்குக் கொண்டுவரும் முயற்சி இந்தியாவிலும் பலமுறை நிகழ்ந்துள்ளது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தமானில் ஒரு சேவை தொடங்கிற்று. 2013 சூனில் கேரளத்தின் அட்டமுடிக் காயலில் தொடக்க விழா நடைபெற்றது. ஆனால் ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் மீனவர் எதிர்ப்பின் காரணமாக அவ்விமானம் இறங்க இயலவில்லை. தாம் வலை வீசும் நீரைத் தம்மைக் கேளாமல் ஓடுபாதையாக்கியது முறையா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. 2020 அக்டோபர் 31 அன்று குசராத்தில் சபர்மதி ஆற்றிலிருந்து கேவடியா நீர்நிலைக்குச் சேவை தொடங்கப்பெற்றது; அதுவும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அச்சேவைக்கு முன்னேற்பாடாக 2019-இல் கேவடியா நீர்நிலையில் வாழ்ந்த முதலைகள் பொறிவைத்துப் பிடிக்கப்பெற்று வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2024 நவம்பர் 11 அன்று கொச்சியிலிருந்து மூணாறு அருகேயுள்ள மாட்டுப்பெட்டி அணைநீரில் ஒரு விமானம் சோதனையாக இறங்கியபோது, அவ்வழியே நடமாடும் யானைகளைப் பற்றிய கவலையை வனத்துறை எழுப்பியது.

அலாஸ்காவில் கரடிக்காக மனிதன் ஒதுங்கி நிற்கின்றான். கேவடியாவில் மனிதனுக்காக முதலை அகற்றப்படுகின்றது. ஊர்தி ஒன்றே, வழிகாட்டும் நெறி வேறு. நீரில் ஏற்கெனவே வாழ்வோரைக் கேட்டபின் இறங்குவதா, இறங்கியபின் அவர்களை அகற்றுவதா என்பதே வேறுபாடு. கேளாது இறங்கிய முயற்சிகள் விழாவோடு நின்றுபோவதைக் காண்கிறோம்.

பழவேற்காட்டின் பாடு

இனிப் பழவேற்காட்டை நோக்கலாம். எண்ணூருக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் அவ்வுவர்நீர் ஏரி இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. ஒல்லாந்தர் 1613-இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டிய இடம் அது. தமிழகப் பகுதி 1980-இல் பறவைக் காப்பிடமாயிற்று. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் அங்கு வருகின்றன. தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்து, நாக்கால் நீரை உந்தி வடிகட்டி உண்பது அப்பறவையின் இயல்பு. உண்ணும் உணவிலுள்ள நிறச்சத்தே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறமே. ஆழமற்ற நீர் அதற்கு வேண்டும், அமைதியும் வேண்டும். படகு மிக நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பும். எழும்பும் காட்சி காண்போர்க்கு அழகு. பறவைக்கோ அது உண்ணும் வேளையின் இழப்பு. நெடும்பயணத்திற்குச் சேர்த்த ஆற்றலின் செலவு. தேர்ந்த படகோட்டி ஒருவர் இதனை அறிவார். தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்தி, கோலூன்றித் தள்ளி, ஓர் எல்லையில் படகை நிறுத்திவிடுவார். 'இன்னும் கொஞ்சம் போகலாமே' என்று கேட்பவர்க்கு அவர் விடை கூறுவதில்லை. கோலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதே அவர் தரும் விடை.

அவ்வேரியின் மீனவர்க்குப் பாடு என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை அடுத்து இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை ஊரார் வரையறுத்து, உரிமையுடைய குடும்பங்களிடையே சீட்டுக் குலுக்கி முறை வைத்து வலை கட்டுவர். இன்று இவர்க்கு வாய்த்த நல்லிடம் பிறிதொரு நாள் மற்றொருவர்க்கு வாய்க்கும். எண்ணூர்க் கழியோரக் குப்பங்களிலும் முறைவைத்துப் பிடிக்கும் வழக்கம் இருந்து வந்துள்ளது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் சீட்டு வழியே இடம் பகிர்வதைக் காணலாம். மக்நீல் ஆற்றில் கரடி காண்போர்க்கு அரசு வகுத்த குலுக்கலை, வலை கட்டுவோர்க்கு இவ்வூரார் தாமே வகுத்துக்கொண்டனர். பாடு முறை குறையற்றது என்று கூறிவிட முடியாது. அதில் பங்கில்லாதோர் உண்டு, பெண்கள் பெயரில் சீட்டு எழுவதில்லை, பூசல்களும் எழுந்துள்ளன. ஆயினும், நீர் ஒருவர்க்கே உரியதன்று என்பதும், ஆசைக்கு ஓர் அளவு வேண்டும் என்பதும் அதன் அடிப்படை.

இவ்வளவு நுண்மையான ஒழுங்கு மீனுக்கு இருந்தது. சுற்றுலாவுக்கு இல்லாமற் போயிற்று. 2011 திசம்பர் 25, கிறித்துமசு நாள். முகத்துவாரப் பக்கம் சென்று திரும்பிய ஒரு படகு பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 பேர் உயிரிழந்தனர். குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். படகின் அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் அதில் இருந்தனர். லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டை அவர்களுக்கு இல்லை. அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

அத்துயரத்தை எவர் தலையிலேனும் சுமத்துவது எளிது. படகோட்டி மறுத்திருக்கலாம் என்று கூறலாம். ஆனால் மறுப்பதற்கு ஒரு வலிமை வேண்டும். புரூக்ஸ் அருவியில் காவலர் 'நாற்பதுக்கு மேல் இல்லை' என்று கூறும்போது அவருக்குப் பின்னால் சட்டமும், சம்பளமும், மரியாதையும் நிற்கின்றன. பண்டிகை நாளில் கரையில் நின்று, 'இத்தனை பேர் ஏறினால் படகு எடுக்க மாட்டேன்' என்று கூறும் மீனவர்க்குப் பின்னால் எதுவும் இல்லை. அவர் மறுத்தால் கூட்டம் அடுத்த படகுக்குச் சென்றுவிடும். அன்றைய வருவாயும் உடன் செல்லும். காட்டுவதற்குக் கூலி உண்டு. தடுப்பதற்குக் கூலி இல்லை. இதுவே குறை. தடை விதிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. படகுக்கு எண்ணிக்கை, பயிற்சி, மிதவைச் சட்டை, காப்புறுதி, மறுத்துக் கூறும் அதிகாரம் ஆகியவற்றை அளித்து, நீரை அறிந்தவரையே முறையான வழிகாட்டியாக்குவது அதனினும் சிறந்த வழி. பாடு நடத்தத் தெரிந்த ஊர்க்குப் படகு முறை நடத்துவது அரிதன்று.

எண்ணூர்க் கழியில் எவர் சொல் ஏறிற்று?

பறவை காண்போர் பழவேற்காடு வரை செல்லாமலும் இருக்கலாம். கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழியிலும் கூழைக்கடாவும் நாரையும் உண்டு. இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவே அது. ஆனால் அந்நீரில் வழிகாட்டியின் சொல் நெடுங்காலமாகவே ஏறவில்லை. துறைமுகத்தின் நெடுஞ்சுவர் கடலுக்குள் நீண்டபின், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணல் தடைப்பட்டு, இராயபுரம் முதல் வடக்கே உள்ள கரையைக் கடல் அரித்தது. மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டினர். கட்டுமரம் ஏற்றி வைக்கக் கரை இல்லாத குப்பங்கள் உருவாயின. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியை மேடாக்கிற்று. 2001-இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் செயற்படத் தொடங்கிற்று. கழியின் ஆழம் குறைந்து வருவதைத் துடுப்புப் பிடித்த கை முதலில் உணர்ந்தது. ஆனால் அக்கையை எவரும் கேட்கவில்லை.

2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையொதுங்கிய கசடை மீனவரும் இளைஞரும் வாளியால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவிக் கழியெங்கும் படிந்தது. கூழைக்கடாக்கள் கருமை பூசி நின்றன. அப்போதும் கையால் எண்ணெய் அள்ளியவர்கள் குப்பத்து மீனவர்களே. காட்டவும் தடுக்கவும் வல்லவரைக் கழுவும் வேலைக்கு மட்டும் அழைப்பது எத்தகைய வழக்கம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாகக் கவியரங்கம் நடைபெறுகின்றது. கடல் குறித்தும் மீனவர் குறித்தும் கவிதைகள் படிக்கப்பெறுகின்றன. அவற்றுள் அலை வருகின்றது, நிலவு வருகின்றது, கண்ணீர் வருகின்றது. வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் வலை வேறு, மீன் வேறு என்பது வருவது அரிதாக உள்ளது. கழியில் நீர் பெருகுவதும் வற்றுவதும் எந்நேரம் என்பதோ, இறால் எந்நிலவுக்குக் கூடுகின்றது என்பதோ, ஒரு படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதோ கவிதைக்குள் நுழைவதில்லை. சத்திமுத்தப் புலவர் நாரையைப் பாடிய பாட்டு பல நூற்றாண்டுகள் கடந்தும் நிற்பதற்குக் காரணம், அப்புலவர் பாடுமுன் நாரையை உற்று நோக்கியமையே. சங்கப் புலவர்க்கு நெய்தல் என்பது ஒரு நிலத்தின் முழு அறிவு. அதனாலேயே ஒரு பறவையின் பெயரைக் கூறியவுடன் பொழுதும் துயரும் உடன்வரும்படி அவர்களால் பாட முடிந்தது.

கவிஞனும் ஓர் ஆற்றுப்படுத்துவோனே. வாசகனைப் பிறருடைய வாழ்வுக்கருகே அழைத்துச் செல்கின்றான். அங்கும் இரண்டு கடமைகளே. துயரத்தைக் காட்டுவது ஒன்று. அத்துயரத்தை வேடிக்கையாக்கி விடாமல், ஓர் எல்லையில் படகை நிறுத்துவது மற்றொன்று. மீன் தூண்டிலில் சிக்கியபோதும் நூலை அறுத்துவிடும் துணிவு எழுத்துக்கும் தேவை. நல்ல உவமை கைக்கு அகப்பட்டுவிட்டது என்பதற்காக ஒருவருடைய இழப்பை அதற்கு இரையாக்குதல் தகாது. கண்ணாடி போல் மின்னும் சொல்லும் ஏமாற்றக்கூடும். கரையை நோக்கியவாறே இறங்க வேண்டும்.

ஆகவே இப்பத்தாம் ஆண்டில் வட்டத்தின் உறுப்பினர்க்கு ஒரு பணியை முன்வைக்கலாம். கவிஞர் ஒவ்வொருவரும் பழவேற்காட்டிலோ எண்ணூர்க் குப்பங்களிலோ நீரை அறிந்த முதியவர் ஒருவரிடம் சென்று அமர வேண்டும். பாடு எவ்வாறு பிரிக்கப்பட்டது, எக்காற்றுக்கு எவ்வலை, எம்மீன் வருவது நின்றது, எச்சொல் வழக்கொழிந்தது என்று கேட்டு, அவர் கூறிய சொல்லிலேயே எழுதிவர வேண்டும். மீன் விற்கும் பெண்டிரிடமும் கேட்க வேண்டும். கழியின் மாற்றத்தைக் கூடையின் எடையால் அளந்தவர்கள் அவர்களே. அவ்வாறு எழுதியவற்றைப் படித்துக் காட்டி, தவறு இருப்பின் அவர்களையே திருத்தச் செய்ய வேண்டும். இவ்வாறு ஓராண்டு உழைத்தால் ஒரு சிறு சொல்லகராதி உருவாகும். நாளை அக்கழிக்கு ஊறு நேருங்கால், 'இந்நீர் இன்னாருடையது. அதில் இன்னது வாழ்ந்தது' என்று சான்று கூற அது பயன்படும். கழி காக்கும் போராட்டத்தில் கவிதைக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு அதுவே விடையாகவும் அமையும்.

பத்துப்பாட்டின் சரிபாதியை வழி சொல்லப் பயன்படுத்திய மொழி இது. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் பாடல்களுள் சரிபாதியேனும் போய்வந்தவர் பாடியவையாக அமைதல் வேண்டும். போய் வருகையில் ஒன்றை மறவாதிருத்தல் நலம். படகில் ஏறியவுடன் பறவை எங்கே என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் ஏறலாம் என்று படகோட்டியைக் கேட்க வேண்டும். அவர் கோலை மடியில் வைத்துக்கொண்டால் அங்கேயே நின்று காண வேண்டும்.

வளர்க இலக்கிய வட்டம்! வாழ்க தமிழ்!